மஞ்சள் கட்டத்தில் நின்ற கல்யாணக் காடி

எல்லாம் தெரிந்தவன் என்று பெயர் எடுத்தவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. அவனுக்குத் தெரியாத விஷயம் எதுவோ, அது வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும்போது தெரியவராது. நடு ரோட்டில், நல்ல வெயிலில், பட்டு வேட்டி கட்டியிருக்கும் நாளாகப் பார்த்துத்தான் தெரியவரும். எனக்குக் கெடா மாநிலத்து அலோர் ஸ்டார் டவுனில் தெரியவந்தது. மகள் கல்யாணத்தன்று.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். (பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான்.) புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பாமாயில் எடுக்கிற செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கப் போனவன். பிறகு குலை அறுத்தேன். பிறகு டிராக்டர் ஓட்டினேன். பிறகு நானே கான்ட்ராக்ட் எடுத்தேன். இன்றைக்கு என் பெயர் எழுதிய லாரிகள் மில்லுக்குப் போய் வருகின்றன. பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று என் மகள் சொல்கிறாள். இருக்கட்டும், லாரி ஓடுகிறதே.

லாரியை ஓட்ட ஆள் வைத்திருந்தேன். நான் ஓட்டியதெல்லாம் தோட்டத்துக்குள் டிராக்டர், டவுனுக்கு ஒரு மோட்டார் சைக்கிள். தோட்டத்துச் சாலையில் போர்டு கிடையாது, சிக்னல் விளக்கு கிடையாது. நடுவில் ஒரு செம்பனை மட்டை நட்டிருந்தால் பள்ளம். மட்டைகள் குறுக்கே கிடந்தால் பாலம் உடைந்திருக்கிறது, திரும்பிப் போ. அவ்வளவுதான் எங்கள் சட்டம். அந்தச் சட்டத்தில் நான் ஒரு நாளும் தவறியதில்லை.

ரோட்டில் போடுகிற வெள்ளைக் கோட்டைப் பற்றி என் அபிப்பிராயம் வேறு. எங்கள் தோட்டத்துக்குப் பெரிய துரை பார்வையிட வருகிறார் என்றால், சுண்ணாம்பு கரைத்து, ஓரத்துக் கல்லுக்கெல்லாம் மரத்து அடிக்கெல்லாம் வெள்ளை அடிப்போம். துரை போவார், மழை வரும், வெள்ளை கரைந்து போகும். டவுன் ரோட்டுக் கோடுகளும் அப்படி யாரோ பெரிய மனிதர் வந்து போனதற்காகப் போட்டவை என்றே வெகு காலம் நினைத்திருந்தேன். மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்குக் கோடு எதற்கு? சந்து இருக்கிற பக்கம் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இப்படி நிம்மதியாக இருந்தவனைக் கெடுத்தது என் வாய்.

மகள் மாலினிக்கு அலோர் ஸ்டாரில் மாப்பிள்ளை அமைந்தது. சம்பந்தி அங்கே மளிகைக்கடை வைத்திருப்பவர். மெதுவாகப் பேசுகிற மனிதர். எதைச் சொன்னாலும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வதைப் போல இருக்கும். நிச்சயதார்த்தத்தன்று சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார்:

“சம்பந்தி, முகூர்த்தம் காலையிலயே வருது. ஐயருக்கு அதுக்கப்புறம் சுங்கை பட்டாணியில இன்னொரு கல்யாணம். நேரம் தவறிடக் கூடாது. பொண்ணக் கூட்டிட்டு வர நம்ம காடியையும் டிரைவரையும் அனுப்பி வைக்கிறேனே.”

(காடி என்றால் எங்கள் ஊரில் கார்.) நல்ல மனிதர் நல்லெண்ணத்தோடு சொன்னது. ஆனால் என் காதில் அது எப்படி விழுந்தது தெரியுமா? ‘உன்னிடம் என்ன இருக்கிறது?’ என்று விழுந்தது. சுற்றிலும் அவர் பக்கத்து ஆட்கள் வேறு.

“எதுக்கு சம்பந்தி சிரமம்? எம் பொண்ண நானே ஓட்டிக்கிட்டு வந்து ஒங்க மண்டபத்து வாசல்ல எறக்குறேன். ஒரு நிமிஷம் பிந்தாது. ஒரு பூ வாடாது.”

“நீங்களேவா?”

“நானேதான். வாசல்ல நின்னு பாருங்க.”

திரும்பி வரும் வழியில் என் மனைவி சரசு வேனில் என் காதோரம் கேட்டாள்: “ஏங்க, நீங்க காடி ஓட்டி நான் பாத்ததே இல்லியே?”

“டிராக்டர் ஓட்டல?”

“எம் பொண்ண டிராக்டர்ல உக்கார வெச்சா கூட்டிட்டுப் போகப் போறீங்க?”

மறுநாளே டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் மீசை முளைக்காத பையன்கள், காதில் எதையோ சொருகிக்கொண்ட பெண்பிள்ளைகள். என்னைப் பார்த்து “அங்கிள், மகனக் கொண்டாந்து விட வந்தீங்களா?” என்று கேட்டார்கள். “இல்ல தம்பி, ஒங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுக்க வந்திருக்கேன்” என்றேன். (அன்றைக்கு நன்றாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பரீட்சைத் தாள் வந்தது.)

சாலைக் குறிகளை மாலினிதான் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் படம் காட்டிப் பாடம் எடுத்தாள். அவள் பல வருஷமாகக் காடி ஓட்டுகிறவள், தினமும் சுங்கை பட்டாணி ஆபீசுக்குப் போய் வருகிறவள்.

“இது என்னாப்பா?” எட்டு மூலையும் சிவப்பாக ஒரு படம்.

“நில்லு.”

“எங்க நிக்கணும்?”

“கோட்டுக்கிட்ட.”

“யாருமே வரலன்னா?”

“வரலன்னா எதுக்குமா நிக்கணும்?”

“அப்பா!”

அடுத்து, மஞ்சளாக, சீட்டுக்கட்டு டைமண்ட் மாதிரி ஒன்று. நடுவில் வளைந்த அம்புக்குறி. “முன்னாடி வளைவு” என்றேன். அதோடு விட்டிருக்கலாம். “வளைவுதான் கண்ணுக்கே தெரியுதே, அதச் சொல்றதுக்கு ஒரு போர்டா? வேஸ்ட்லா” என்றும் சொன்னேன். மாலினி புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

கடைசிப் பக்கத்தில் ஒரு பெரிய மஞ்சள் கட்டம், உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். அவள் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டினேன். “இது எனக்குத் தெரியும்மா. வாழ்க்கையில பாதி அதுமேலதான் நின்னிருக்கேன். அடுத்ததுக்குப் போ.”

அவளுக்கும் தூக்கம். அடுத்ததுக்குப் போய்விட்டாள்.

எழுத்துப் பரீட்சையில் தேறினேன். மஞ்சள் கட்டத்தைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை, அதுதான் என் கெட்ட நேரம். ரோட்டுப் பரீட்சையில் இரண்டாவது தடவை தேறினேன். (முதல் தடவை ஏன் தவறியது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அந்த அதிகாரி நலமாக இருக்கிறார் என்று கேள்வி.) புதுசாகத் தேறியவர்கள் ஒட்ட வேண்டிய P ஸ்டிக்கரை வாங்கி மாலினியின் காடியில் முன்னாலும் பின்னாலும் ஒட்டினேன். எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வந்து எல்லார் வீட்டு வாசலிலும் ஹார்ன் அடித்தேன்.

கல்யாணக் காலை வந்தது.

காடிக்கு மாலை போட்டு, ரிப்பன் கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. சரசுவும் சொந்தக்காரர்களும் சீர்த்தட்டுகளோடு வேனில் முன்னால் போய்விட்டார்கள். போகும்போது சரசு சொன்னாள்: “ஹைவேயில வாங்க. நேரா வந்து சேந்துருவீங்க.” தலையை ஆட்டினேன். ஹைவேயில் போவதாக எனக்கு உத்தேசமே இல்லை. அங்கே எல்லாரும் வேகமாகப் போகிறார்கள். பெண்டாங் வழியாக, வயல்காட்டு ரோட்டில் போவதென்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன்.

மாலினியைப் பின்சீட்டில் இடது பக்கம் உட்கார வைத்தேன். மண்டபத்து வாசல் அந்தப் பக்கம்தான் வரும். அவளுக்குப் பக்கத்தில் தேங்காய் பழத்தட்டு. தலையில் பூ, கை நிறைய மருதாணி, கழுத்தில் நகை. பார்க்க எனக்கே கண் கலங்கியது. கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கட்டளை போட்டேன். ஒத்திகை பார்த்த நாட்களில் அவள் பின்னால் உட்கார்ந்து “அப்பா சிவப்பு, அப்பா கோடு, அப்பா அம்புக்குறி” என்று ஓதிக்கொண்டே வந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

“இந்தா பாரும்மா. இன்னைக்கி நீ கல்யாணப் பொண்ணு. தலையக் குனிஞ்சுக்கிட்டு, அடக்கமா, ஒரு வார்த்த பேசாம வரணும். ரோட்ட நான் பாத்துக்கறேன்.”

“சரிப்பா. ஒரு வார்த்த பேச மாட்டேன். அப்பறம் என்னைய ஒன்னும் சொல்லக் கூடாது.”

சொன்னபடியே தலையைக் குனிந்துகொண்டாள். பிடிவாதம் என்னைப் போல.

பெண்டாங் தாண்டும் வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது. சரி என்றால், ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் என் விரல் மரத்துப் போயிருந்தது, முதுகில் பட்டு ஜிப்பா ஒட்டிக்கொண்டது, மற்றபடி சரி. பிறகு முன்னால் ஒரு நெல் அறுக்கும் யந்திரம் வந்து ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. நடுவில் இரட்டை வெள்ளைக் கோடு. முந்தக் கூடாது. இது எனக்குத் தெரியும்! நிம்மதியாகப் பின்னாலேயே போனேன். கொஞ்ச தூரத்தில் இரட்டைக் கோடு போய் விட்டு விட்டுப் போட்ட கோடு வந்தது. முந்தலாம். அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் முந்துவதற்குத் தெரிந்தால் மட்டும் போதாது, நெஞ்சு வேண்டும். என் நெஞ்சு அப்போது தொண்டையில் இருந்தது. பின்னால் வண்டிகள் சேர்ந்து ஹார்ன் அடிக்க ஆரம்பித்தன. கல்யாணக் காடியைப் பார்த்து வாழ்த்துகிறார்கள் என்று நினைத்து, கண்ணாடியை இறக்கிக் கையை ஆட்டினேன்.

தட்டில் வெற்றிலைக்கு அடியில் கைப்பேசி அடித்தது.

“எடுக்கட்டுமாப்பா?”

“பேசாத.”

நின்றது. மறுபடி அடித்தது. மறுபடி. கடைசியில் அவளே அழுத்திவிட்டாள். சரசுவின் குரல் காடி முழுக்கக் கேட்டது.

“எங்கங்க இருக்கீங்க? மாப்பிள்ள மேடைக்கு வந்துட்டாரு. ஐயரு வாட்ச்சப் பாத்துக்கிட்டே இருக்காரு. சம்பந்தி வாசல்லயே நிக்கிறாரு, நீங்கதான் நிக்கச் சொன்னீங்களாமே!”

“வந்துட்டோம் வந்துட்டோம்” என்று கத்தினேன். வெளியே பார்த்தால் நாலு பக்கமும் வயல். ஒரு கொக்கு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

யந்திரம் ஒரு வயலுக்குள் திரும்பியதும் காலை அழுத்தினேன். அலோர் ஸ்டார் வந்தது. அங்கேதான் என் படிப்பு தீர்ந்து போனது. வீட்டில் மாலினி ஒவ்வொரு படமாகக் காட்டினாள், யோசித்துச் சொன்னேன். இங்கே எல்லாப் படமும் ஒரே நேரத்தில் வந்து நின்றது. தலைக்கு மேல் பச்சைப் போர்டு, இடது பக்கம் நீலப் போர்டு, தரையில் அம்புக்குறி. அம்புக்குறி இடது பக்கம் திரும்பச் சொல்கிறது, நான் நேராகப் போக வேண்டும். வலது பக்கம் நகர்ந்தால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து கண்ணாடியைத் தட்டி என்னவோ திட்டிவிட்டுப் போகிறது. கோடுகள் எல்லாம் பளிச்சென்று புதுசாக இருந்தன. யாரோ பெரிய ஆள் வரப்போகிறார் என்று பழைய புத்தி ஒரு நொடி சொன்னது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

“இன்னும் ரொம்ப தூரமாப்பா?” குனிந்த தலையோடு மெதுவாகக் கேட்டாள். அந்தக் குரலில் முதல் தடவையாகப் பயம் இருந்தது. கல்யாணம் நின்றுவிடுமோ என்கிற பயம்.

அப்போது முன்னால் சிக்னல் விளக்கு சிவப்பாகி, வண்டிகள் வரிசையாக நின்றன. எனக்கு முன்னால் போன காடி ஒரு இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. அந்த இடம் காலியாகக் கிடந்தது. பெரிய மஞ்சள் கட்டம். உள்ளே மஞ்சள் கோடுகள். பக்கத்தில் ஒரு கட்டடம். அதில் ஒரு சன்னல்.

அந்தக் காலை வேளையில் எனக்கு நன்றாகத் தெரிந்த பொருள் ஒன்று கண்ணில் பட்டது அதுதான் முதல் தடவை.

மில்லுக்குக் குலை கொண்டு போகிறவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மில் வாசலில், வண்டியோடு சேர்த்து எடை போடும் மேடை இருக்கும். சுற்றிலும் மஞ்சள் பெயிண்ட். எல்லாச் சக்கரமும் அதற்குள் அடங்குகிற மாதிரி நிறுத்த வேண்டும். எஞ்சினை அணைக்க வேண்டும். பிறகு டிரைவர் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அவன் உடம்பும் குலையோடு சேர்ந்து எடையில் ஏறிவிடும். சன்னலில் இருக்கிற கிராணி, அதாவது கணக்குப் பார்க்கிறவர், கையைக் காட்டினால்தான் திரும்ப ஏறலாம். தோட்டத்துக்குள் இருந்த மில்லில் பாதி ஆயுள் டிராக்டரோடு நான் தினமும் செய்தது இது. தூக்கத்தில் கூடச் செய்வேன்.

அன்றைக்குத் தூக்கம் இல்லை, பயம். இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது. மூளை நின்றுவிட்டது, உடம்பு தன் வேலையைச் செய்தது. காடியை மஞ்சள் கட்டத்துக்குள் ஏற்றினேன். ஒரு சக்கரம் கூடக் கோட்டை மிதிக்கவில்லை. அவ்வளவு நேராக நான் எந்த வண்டியையும் நிறுத்தியதில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன். இறங்கினேன். கதவைச் சாத்திவிட்டு, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, ஓரமாகப் போய் நின்று சன்னலைப் பார்த்தேன்.

நெஞ்சுக்குள் ஒரு அமைதி. மாலினி தலை குனிந்தபடியே இருந்தாள். சிவப்பு விளக்கில் நிற்கும்போது காடி மாலையைச் சரிசெய்ய இறங்கினேன் என்று நினைத்திருக்கிறாள்.

முன்னால் விளக்குப் பச்சையானது. வண்டிகள் போயின. பின்னால் ஹார்ன். ‘இருங்கப்பா, எடை போட்டு முடியட்டும்’ என்கிற மாதிரி அவர்களுக்குக் கையைக் காட்டினேன். அந்தச் சமயம் அந்தக் கட்டடத்தின் பெரிய கதவு மேலே ஏற ஆரம்பித்தது. உள்ளேயிருந்து சிவப்பாக ஒரு மூக்கு தெரிந்தது. தலையில் நீல விளக்கு சுற்றியது. பிறகு அது கத்தியது பாருங்கள், என் காது இன்றைக்கும் ஒரு பக்கம் அடைக்கிறது.

தீயணைப்பு நிலையம். பொம்பா. அந்த மஞ்சள் கட்டம் அவர்கள் வண்டி வெளியே வருவதற்காக யாரும் நிற்காமல் விட வேண்டிய இடம். மனைவி, மக்கள், மாநிலம் எல்லாருக்கும் தெரிந்த இந்த விஷயம், எல்லாம் தெரிந்த எனக்கு அந்த நொடியில்தான் தெரிந்தது.

“பாக்சிக்! பாக்சிக்!” என்று கத்திக்கொண்டு தலைக்கவசத்தோடு ஒருவர் ஓடி வந்தார். (மலாயில் வயசான ஆளை மரியாதையாகக் கூப்பிடுவது. அவர் கூப்பிட்டதில் மரியாதை மட்டும் இல்லை.) ஏன் இறங்கினாய், வண்டியை எடு, எடு என்றார். எங்கே தீ என்று கேட்டேன். தீ இல்லை, ஒரு வீட்டுச் சமையலறையில் மலைப்பாம்பு புகுந்திருக்கிறது, பொம்பளைகள் மேசைமேல் நிற்கிறார்கள், நீ எடு என்றார்.

ஓடிப்போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை. மறுபடி திருப்பினேன். ஒரு முனகல் கூட இல்லை. பக்கத்தில் சங்கு, பின்னால் ஊர் முழுக்க ஹார்ன், தட்டுக்குள் கைப்பேசி.

“வண்டி செத்துப்போச்சு!” என்றேன்.

பொம்பாக்காரர்கள் நாலைந்து பேர் இறங்கி வந்து பின்னால் கையை வைத்துத் தள்ளினார்கள். நல்ல திடகாத்திரமான பிள்ளைகள். காடி அசையவில்லை. ரிப்பன்தான் அறுந்து ஒருவர் கழுத்தில் விழுந்தது.

“ஹேண்ட்பிரேக்க எறக்குங்கப்பா” என்றது பின்சீட்டு.

“நீ தலையக் குனி!”

“கியர் இன்னும் D-யில இருக்கு. P-யில போடாம ஸ்டார்ட் ஆகாதுப்பா. எத்தன தடவ சொல்லிக் குடுத்தேன்!”

எந்தக் கியர், எந்த எழுத்து, எனக்கு எதுவும் தெரியவில்லை. ஸ்டியரிங்கையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது பின்கதவு திறந்து மூடியது. பட்டுப்புடவை சரசரக்க, நகை குலுங்க, ரோட்டுப் பக்கமாகச் சுற்றி வந்து என் கதவைத் திறந்தாள்.

“எறங்குங்க.”

“எம்மா, கல்யாணப் பொண்ணு...”

“கல்யாணம் நடந்தாத்தான் கல்யாணப் பொண்ணு. எறங்குங்கப்பா!”

அப்படி ஒரு குரலில் அவள் என்னிடம் பேசியதே இல்லை. இறங்கினேன். புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். மருதாணிக் கை கியரைத் தள்ளியது, சாவியைத் திருப்பியது. செத்துப்போன வண்டி உறுமியது. நான் சுற்றி ஓடி, பின்சீட்டில் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் பாய்ந்து விழவும், அவள் கட்டத்தை விட்டு வெளியே எடுக்கவும் சரியாக இருந்தது. பொம்பா வண்டி எங்களைத் தாண்டிப் போனபோது, உள்ளே இருந்த பிள்ளைகள் அவளைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார்கள். என்னைப் பார்த்து யாரும் எதையும் காட்டவில்லை.

அவமானம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பிறகுதான் பெரிய பயம் வந்தது. சம்பந்தி வாசலில் நிற்கிறார். ‘நானேதான், நின்னு பாருங்க’ என்று சொன்னவன் நான்.

“மாலி, ஓரமா ஒரு நிமிஷம் நிறுத்தும்மா. நான் முன்னாடி மாறிக்கறேன்.”

“இங்க நிறுத்தக் கூடாதுப்பா. போர்டப் பாருங்க.”

பார்த்தேன். நீல வட்டம், சிவப்பில் பெருக்கல் குறி. வளைவு திரும்பியது.

“இங்க நிறுத்தலாமே?”

“ரெட்ட மஞ்சக் கோடு.”

“அதுக்கு அங்கிட்டு?”

“பஸ் நிக்கிற எடம்.”

“இந்த வளைஞ்சு வளைஞ்சு போற கோட்டுக்கிட்ட?”

“அது ஆளுங்க ரோட்டத் தாண்டுற எடத்துக்கு முன்னாடி போடுறதுப்பா. அங்க சுத்தமா நிக்கக் கூடாது.”

அலோர் ஸ்டாரில் இவ்வளவு குறிகள் இருக்கின்றன என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒவ்வொன்றும் எனக்கு விளங்கியது. ஒவ்வொன்றும் ‘உனக்கு இடம் கிடையாது’ என்றது. எந்த டிரைவிங் ஸ்கூலிலும் இவ்வளவு வேகமாக யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

“எம்மா, சம்பந்தி முன்னாடி எம் மானம் போயிரும்மா” என்றேன். கெஞ்சினேன் என்றுதான் எழுத வேண்டும்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். அவள் கண் மை கொஞ்சம் கலைந்திருந்தது. “நிறுத்தி மாறிப் போனா முகூர்த்தம் போயிரும்பா. எது வேணும், நீங்களே சொல்லுங்க.”

ஒரு நொடி யோசித்தேன். (அந்த ஒரு நொடியைச் சரசு இன்னும் மன்னிக்கவில்லை.) “ஓட்டு” என்றேன்.

மண்டபம் தெரிந்தது. உருமி மேளம் கேட்டது. வாசலில் பட்டுச் சட்டையில் சம்பந்தி. அவருக்குப் பக்கத்தில் கேமராக்காரர். மாப்பிள்ளையின் அத்தை ஆரத்தித் தட்டோடு ரெடி. மாப்பிள்ளையின் தங்கை பன்னீர்ச் செம்போடு. காடிக் கண்ணாடியெல்லாம் கறுப்பு, உள்ளே இருப்பது வெளியே தெரியாது. கல்யாணப் பெண் எந்தக் கதவில் இறங்குவாள் என்பது எல்லாருக்கும் தெரியும்தானே? பின்கதவு, வாசல் பக்கம். அங்கே நான் இருந்தேன், மடியில் தேங்காய்த் தட்டோடு.

நான் மறுபக்கம் நகர்வதற்குள் தங்கை கதவைத் திறந்துவிட்டாள். மேளம் உச்சத்துக்குப் போனது. பன்னீர் முகத்தில் தெளித்தது. கண்ணைத் திறக்க முடியாமல் ஒரு காலை வெளியே வைத்தேன். அத்தை ஆரத்தியைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

ஒரு சுற்று முடிந்த பிறகுதான் அவர் என் மீசையைப் பார்த்தார்.

“ஐயய்யோ!”

“நிறுத்திராதீங்கக்கா!” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். “ஆரத்தியப் பாதியில நிறுத்தக் கூடாது! அபசகுனம்!”

அவரும் கல்யாண வீட்டுப் பெண்மணி, சகுனம் பார்க்கிறவர். என்னைப் பார்க்காமல் காடிக் கூரையைப் பார்த்துக்கொண்டே மிச்சச் சுற்றையும் சுற்றினார். வழக்கப்படி தட்டில் விரலைத் தொட்டு என் நெற்றியில் பொட்டும் வைத்தார். கையில் தேங்காய்த் தட்டோடு, தலை தானாகக் குனிந்து, அடக்கமாக, ஒரு வார்த்தை பேசாமல் நின்றேன். கேமரா பளிச் பளிச் என்று அடித்தது.

அந்தப் பக்கம் டிரைவர் கதவு திறந்து, கொசுவத்தை இறக்கி விட்டுக்கொண்டு மாலினி வந்தாள். சம்பந்தி அவளைப் பார்த்தார். P ஸ்டிக்கரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மருமகள் வண்டி ஓட்டி வந்ததைக் குறைவாக நினைத்து ஒரு வார்த்தை சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். என்னை என்ன சொன்னாலும் தாங்குவேன்.

அவர் மாலினியிடம் போனார். “நேரத்துக்கு வந்துட்டம்மா. உள்ள போ, ஐயரு காத்துக்கிட்டு இருக்காரு” என்றார். அத்தை அவசரமாக அவளுக்கும் ஆரத்தி சுற்றி உள்ளே அனுப்பினார்.

பிறகு என்னிடம் வந்தார். என் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டார். வழக்கம்போல் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

“வாங்க சம்பந்தி. வலது கால எடுத்து வெச்சு உள்ள வாங்க.”

அதற்கப்புறம் அவரால் நிற்க முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், அழுகை மாதிரிதான் இருந்திருக்கும். உள்ளே ஐயர் மந்திரத்தை அவ்வளவு வேகமாகச் சொல்லி நான் எங்கும் கேட்டதில்லை. முகூர்த்தத்துக்குள் தாலி ஏறியது. அந்த நேரம் என் நெற்றியில் ஆரத்திப் பொட்டு காய்ந்துகொண்டிருந்தது, துடைக்கக் கூடத் தோன்றவில்லை.

இதெல்லாம் நடந்து பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். அந்தப் போட்டோவைச் சம்பந்தி பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, கடையில் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார். நான் கடைக்குப் போனால், அரிசி வாங்க வந்தவர்களிடம் “இருங்க இருங்க, பொண்ணு வந்திருக்கு” என்கிறார். எங்கள் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து என்றால் வாசலில் நிற்கும் பெண்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “மாமாவுக்கு ஒரு சுத்து சுத்தட்டுமா?” என்று கேட்காமல் என்னை உள்ளே விடுவதில்லை. சரசு அந்தக் கூட்டத்திலேயே நின்றுகொண்டு, “சுத்துங்க, அவருக்குக் கண்ணு ரொம்பப் பட்டிருக்கு” என்கிறாள்.

சிரிக்கட்டும். நான் ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன். கெடாவில் எத்தனை கல்யாணம் நடந்திருக்கிறது, எத்தனை அப்பன்மார் பெண்ணைக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார்கள். மேளம் கொட்டி, பன்னீர் தெளித்து, ஆரத்தி எடுத்து, வலது காலை வைத்து உள்ளே கூட்டிப் போன அப்பன் வேறு யாராவது உண்டா? இருந்தால் வரச் சொல்லுங்கள், பார்ப்போம்.